சூரிச்: தண்ணீர் இலவசம், தெருவில் மட்டும்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளி

ஸ்டுட்கார்ட்டில் மகன் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் சூரிச்சில் இறங்கியிருக்கிறோம். "ஃப்ளைட் எப்படியும் அங்கேருந்துதானேப்பா, நாலு நாள் தங்கிப் பார்த்துட்டுப் போங்களேன்" என்றான். பிள்ளை சொல்லிவிட்டால் அவன் அம்மாவிடம் மறுபேச்சு கிடையாது. நான்தான் ஹோட்டல் வாடகையைப் பார்த்துப் பார்த்துக் கணினியை மூடிவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹோட்டல் வேண்டாம் என்று, சமையலறையோடு ஒரு சின்ன அறை எடுத்தோம். இரண்டு கிலோ பொன்னி, ஒரு டப்பா பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன.

ஒரு ஃப்ராங்க் கிட்டத்தட்ட நூறு ரூபாய். கணக்குப் போட வசதி, மனசுக்குத்தான் வசதியில்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு காபி குடித்தோம், 5 ஃப்ராங்க் 80. நான் வாய்க்குள்ளேயே பெருக்குவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சைபர் சேர்க்காம குடிங்க, ஆறிடும்" என்றாள் மனைவி.

சூரிச்சின் தலைமை ரயில் நிலையத்தில் கூரையிலிருந்து ஒரு குண்டுப் பெண் தொங்குகிறாள். உடம்பெல்லாம் கலர் கலராக, முதுகில் தங்க இறக்கை. நிக்கி த சாங் ஃபால் என்ற சிற்பி செய்த காவல் தேவதை, 1997இல் மாட்டியதாம். அவளுக்குக் கீழே நின்று நடைமேடைக் கடிகாரத்தை வேடிக்கை பார்த்தேன். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்தது. சிவப்பு வினாடி முள் விறுவிறுவென்று சுற்றி வந்து 12இல் ஒரு நொடிக்குமேல் அப்படியே நிற்கிறது. நிமிட முள் ஒரு தாவு தாவியபின்தான் மறுபடி கிளம்புகிறது. எல்லா நிலையத்துக் கடிகாரங்களும் மையத்திலிருந்து வரும் மின்துடிப்புக்காகக் காத்திருந்து ஒன்றாகத் தாவ வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ரயில் ஒழுங்காக ஓடும் ஊரில் கடிகாரத்துக்கும் ஓய்வு உண்டு போலிருக்கிறது.

அறைக்குப் போனால் எண்பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி திறக்கவில்லை. எண்ணைத் திருப்பித் திருப்பி வைத்தும் அசையவில்லை, வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. இரண்டு பெட்டியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக் கதவு திறந்து எழுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "க்ரூயட்ஸி" என்று இங்கத்திய வணக்கம் சொன்னார், உள்ளே போனார், தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்க் குப்பியோடு திரும்பி வந்தார். சாவிப்பெட்டியின் விளிம்பில் இரண்டு சொட்டு விட்டு, தன் வீட்டுச் சாவியின் பின்பக்கத்தால் டொக் டொக் என்று தட்டினார். திறந்துகொண்டது. நன்றி சொல்வதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்: இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, குப்பையைக் கண்ட பையில் போடக்கூடாது, மாநகராட்சி முத்திரை போட்ட வெள்ளைப் பை மட்டும். பையின் விலையிலேயே குப்பை வரி அடக்கம். முப்பத்தைந்து லிட்டர் பை ஒன்று ஏறக்குறைய இரண்டு ஃப்ராங்க் வரும். குப்பை போடக் காசு என்றதும் என் மனைவி வாழைப்பழத் தோலைச் சுருக்கி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

காலையிலேயே வெயில். திருச்சிக்காரர்களுக்கு முப்பது டிகிரி ஒரு வெயிலா என்று கேட்பீர்கள். இங்கே அறையில் மின்விசிறி கிடையாது.

கையில் காலி பாட்டிலோடு கிளம்புங்கள் என்று மகன் சொல்லியிருந்தான். தெருவுக்குத் தெரு நீர்த்தொட்டி, கல்லில் செதுக்கியது, நடுவில் தூண், தூணின் மேல் யாராவது ஒரு வீரன் அல்லது தேவி, வாயில் எப்போதும் ஓடும் தண்ணீர். ஊரில் 1,200க்கும் மேல் இருக்கின்றனவாம். சில்லென்று, குளோரின் வாடையே இல்லாமல் இருக்கிறது. ஊர்க் குடிநீரில் ஏறக்குறைய எழுபது சதம் ஏரித் தண்ணீர். சில தொட்டிகளுக்கு மட்டும் ஊற்றுத் தண்ணீர் தனிக் குழாயில் வருகிறது, என்றாவது பிரதானக் குழாய்க்கு ஏதாவது ஆனால் இது கைகொடுக்கும். இத்தனை கோடீஸ்வரர்கள் இருக்கும் ஊரில், கோட் போட்ட ஒருவர் தொட்டியில் குனிந்து கையால் ஏந்திக் குடித்துவிட்டு டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இதே குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பில்லில் 4 ஃப்ராங்க். கேட்டதற்கு, ஜாடி, கண்ணாடிக் குவளை, கழுவும் கூலி, மேசை வாடகை எல்லாம் சேர்த்து என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் அந்தப் பெண். சட்டப்படி தப்பில்லையாம். வாசலைத் தாண்டி இருபதடியில் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பான்ஹோஃப்ஸ்ட்ராஸே இங்கத்திய பணக்காரத் தெரு. ஸ்டேஷனிலிருந்து ஏரிவரை 1.4 கிலோமீட்டர், இருபுறமும் கைக்கடிகாரம், நகை, கைப்பை. பழைய காலத்தில் இது கோட்டை அகழி. தவளை அகழி என்று பேர், 1864இல் தூர்த்துத் தெருவாக்கினார்கள். நடுவே பரேடெப்ளாட்ஸ் என்ற சதுக்கம், வங்கிகளின் வாசல், முன்னொரு காலத்தில் பன்றிச் சந்தை. கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷத்துக்குமேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். க்ரெடிட் சுவிஸ் கட்டடம் அங்கேதான். 1856இல் ரயில் பாதை போடப் பணம் திரட்ட ஆல்ஃப்ரெட் எஷர் தொடங்கிய வங்கி. அவர் சிலைதான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. 167 வருஷம் ஓடிய வங்கியை 2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பில்லியன் ஃப்ராங்குக்குப் போட்டி வங்கியான யூபிஎஸ்ஸிடம் முடித்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காத நாட்டில்! எங்கள் வங்கியில் நகைக்கடன் வாங்கியவர் தவணை தவறினால் ஏலம் போட எத்தனை நோட்டீஸ் அனுப்புவோம் என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஒரு கண்ணாடி ஜன்னலில் கடிகாரத்தின் விலையட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். விலை போட்டிருக்கவில்லை.

ஃப்ராவ்ம்யூன்ஸ்டர் தேவாலயத்துக்கு ஐந்து ஃப்ராங்க் நுழைவுக் கட்டணம். இதற்குமட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். 853இல் ஜெர்மானிய அரசர் லூட்விக் தன் மகளுக்காகக் கட்டிக்கொடுத்த கன்னிமாடம் இது, அதன் தலைவி ஒரு காலத்தில் இந்த ஊரையே ஆண்டாள். உள்ளே கிழக்கே ஐந்து நெடிய ஜன்னல்கள், ஓவியர் மார்க் ஷாகால் எண்பது வயதைத் தாண்டியபின் செய்தவை, 1970இல் பொருத்தினார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாங்கள் போனபோது மேகம் ஒன்று வெயிலை மறைத்து விலகியது. நீல ஜன்னல் அணைந்து, மெதுவாகத் திரும்பப் பற்றிக்கொண்டது. பைபிளில் வரும் யாக்கோபின் ஏணியில் தேவதைகள் அதில் தலைகீழாகவும் நேராகவும் மிதக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கொரியப் பையன் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு ஹில்டலில். 1898இல் தொடங்கிய சைவ உணவகம், இன்னும் நடக்கும் சைவ உணவகங்களில் உலகிலேயே பழையது என்று கின்னஸில் ஏறியது. அம்ப்ரோசியஸ் ஹில்ட்ல் ஒரு தையற்காரர். மூட்டுவாதம் வந்து ஊசி பிடிக்க முடியாமல் போனது. கறியை விடு என்றார் டாக்டர் பிர்ஷர்-பென்னர், ஓட்ஸை ஊறவைத்து ஆப்பிள் துருவிப் போடும் ம்யூஸ்லியைக் கண்டுபிடித்த அதே டாக்டர். கை சரியாகிவிட்டது. பிறகு தான் சாப்பிட்டுவந்த கடையையே எடுத்து நடத்தி, அங்கே சமையல் செய்த பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். 1951இல் அந்த வீட்டு மருமகள் ஒரு சைவ மாநாட்டுக்காக டெல்லி போய்வந்தபின் மெனுவில் இந்தியச் சமையலும் ஏறியது. நூறு கிராம் ஐந்து ஃப்ராங்கை ஒட்டி, எடைபோட்டுத் தருகிறார்கள். எடையென்றதும் என் மனைவி பனீரையும் குழம்பையும் ஒதுக்கிவிட்டுக் கீரை, பொரித்த கத்தரிக்காய், அப்பளம் என்று தட்டை நிரப்பினாள். தராசு ஏமாந்துவிட்டது. பருப்பு நன்றாயிருந்தது, உப்புதான் பயந்து பயந்து போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஏரிக்கரை. கல்படிகளில் ஊரே இறங்கிக் குளிக்கிறது: தாத்தா, பாட்டி, வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குதிக்கும் ஆட்கள். நாங்கள் காலைமட்டும் நனைத்தோம். அப்போது எதிர்க்கரையில் ஓர் ஆரஞ்சு விளக்கு சுழல ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் என்று நினைத்தேன். பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த பெண்மணி ஊசியை நிறுத்தாமலே ஆங்கிலத்தில் சொன்னார்: நிமிஷத்துக்கு நாற்பது தடவை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம், தொண்ணூறு தடவை என்றால் புயல் நெருங்கிவிட்டது, கரையேறு. அடுத்த வரிசையைப் பின்னி முடிப்பதற்குள் விளக்கின் வேகம் கூடிவிட்டது. யாரும் கத்தவில்லை. விசில் இல்லை, போலீஸ் இல்லை. தண்ணீரிலிருந்தவர்கள் திரும்பிக் கரைக்கு நீந்தினார்கள், துவட்டினார்கள், சைக்கிளை எடுத்தார்கள். படி காலியானது. எங்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. டிராம் நிழற்குடைக்குள் ஓடி நிற்கையில் ஆலங்கட்டி விழுந்தது, புளியங்கொட்டை பருமன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பால் தீர்ந்துவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டு. ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும் என்பதால் மொத்த ஊரும் அங்கே வரிசையில் நிற்கிறது. ஒரு பாக்கெட் பாலுக்காக டிராம் ஏறிப் போய்வந்தேன்.

கடை மூடினால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குப் பதில் ஏரியில் கிடைத்தது. புயல் கழுவிவிட்ட வானம், தூரத்தில் பனிமலைகள், படகுத்துறையில் நடைபூட்ஸ் போட்ட குடும்பங்கள். எங்களுக்கு வாய்த்தது ஸ்டாட் ராப்பர்ஸ்வில் என்ற நீராவிக் கப்பல், 1914இல் கட்டியது. இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். கப்பலின் நடுவில் தளத்தைத் திறந்து, கம்பி கட்டி, கீழே இயந்திரத்தை எல்லோரும் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். நான் ஏரியைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். ஆள் உயர எஃகுத் தண்டுகள் சாய்வாக முன்னும் பின்னும் போய்வருகின்றன, சத்தமே இல்லை, எண்ணெயின் வாடையும் வெந்நீர் வாடையும் கலந்து முகத்தில் அடிக்கிறது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓடும் தண்டின் மூட்டைப் புறங்கையால் தொட்டு எடுத்தார். சூடு பார்க்கிறாராம். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண் தன் அப்பாவின் முழங்கையில் அதேபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் கரையோரமாகவே போகிறது. இந்த வலது கரைக்குத் தங்கக் கரை என்றே பேர். ஏரியைப் பார்த்த மாளிகைகள், இறங்கிக் குளிக்கத் தனிப் படிக்கட்டு, மேலே திராட்சைத் தோட்டம். ஆனால் மாளிகைக்கும் மாளிகைக்கும் நடுவில் அடிக்கடி ஒரு பொதுக் குளிதுறை வந்துவிடுகிறது, அங்கே பிள்ளைகள் எங்கள் கப்பல் எழுப்பும் அலைக்காகக் காத்திருந்து கத்துகிறார்கள்.

ராப்பர்ஸ்வில்லில் ரோஜாத் தோட்டமும் கோட்டையும் உண்டு. கோட்டைச் சரிவில் மான்கள். எங்களுக்குப் பிடித்தது மரப்பாலம். ஏரியின் குறுக்கே ஹுர்டன்வரை 841 மீட்டர், கருவாலிப் பலகை, நடக்க மட்டும். இப்போது இருப்பது 2001இல் போட்டது. 1358இலேயே ஹாப்ஸ்பர்க் பிரபு ஒருவர் இங்கே பாலம் கட்டினார். முதுகில் பையும் பையில் சிப்பியும் தொங்கவிட்ட யாத்ரீகர்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஐன்சீடல்ன் மடத்தின் கறுப்பு மாதாவைப் பார்க்க, அங்கிருந்து ஸ்பெயின் சந்தியாகோவரைகூட நடப்பவர்கள் உண்டாம். கடந்துபோகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். பாலம் முடிவதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. நகரத்து டிராமில் முழங்கால் இடித்தாலும் பேசாத ஜனங்கள் நடைபாதையில் இப்படி!

எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பாலத்து நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே வாத்துகள் ஒரு பருக்கைக்காகச் சண்டை போட்டன.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. நசநசவென்று மத்தியானம்வரை. குடை 35 ஃப்ராங்க். வாங்கவில்லை, மகன் கொடுத்த மழைச்சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

பழைய நகரத்தின் சந்துகளில் ஏறி இறங்கினோம். புனித பேதுரு கோயில் கோபுரத்துக் கடிகார முகம் 8.7 மீட்டர் குறுக்களவு, ஐரோப்பியத் தேவாலயக் கடிகாரங்களில் பெரியது. ஷ்பீகல்காஸே என்ற சந்தில் 14ஆம் எண் வீட்டில் லெனின் 1916 பிப்ரவரியிலிருந்து 1917 ஏப்ரல்வரை ஒரு செருப்புத் தொழிலாளியிடம் வாடகைக்கு இருந்தார். முற்றத்தில் சாசேஜ் தொழிற்சாலை, நாற்றம் தாங்காமல் பகலில் ஜன்னலைத் திறக்கவே மாட்டார்களாம், அவர் மனைவி க்ருப்ஸ்காயா எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்துதான் ரயிலேறிப் போய்ப் புரட்சி செய்தார். அதே சந்தில் முதல் எண் வீட்டில் அதே 1916இல் டாடா என்ற கலகக் கலை இயக்கத்துக்காரர்கள் முகமூடி போட்டுக் கூத்தடித்தார்கள். சாசேஜுக்கும் இந்த ஊருக்கும் விட்டகுறை தொட்டகுறை ஏதோ இருக்கிறது. 1522 தவக்காலத்தில் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில், வேலை செய்து களைத்த ஆட்கள் விரதத்தை மீறி சாசேஜ் தின்றார்கள். அங்கே இருந்த பாதிரியார் ஸ்விங்லி தான் தின்னவில்லை, ஆனால் தின்றவர்கள் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார். சுவிஸ் சீர்திருத்தச் சபையின் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. நானும் பெல்வ்யூ சதுக்கத்தின் பக்கம் ஒன்று வாங்கித் தின்றேன், 9 ஃப்ராங்க். வெள்ளையாக, கருகிய கோடுகளோடு, மூக்கில் ஏறும் கடுகு விழுது, பக்கத்தில் பல் பெயரும் ஒரு ரொட்டி. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

பிற்பகல் மழை விட்டபோது தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம், திங்கள் விடுமுறை. பின்னால் இருந்த பூங்காவில் நடந்தோம். ப்ளாட்ஸ்ஷ்பிட்ஸ் என்று பேர். இரண்டு ஆறுகள் கூடும் முனை, பெரிய பெரிய மரங்கள், வெள்ளை மண்டபம். குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள். 1980களின் கடைசியில் உலகமே இதை ஊசிப் பூங்கா என்றுதான் அழைத்தது. போலீஸ் கண்டுகொள்ளாமல் விட, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் திறந்தவெளியில் ஹெராயின் ஏற்றிக்கொண்டார்கள். 1992 பிப்ரவரியில் பூங்காவை மூடினார்கள். கூட்டம் கொஞ்சம் தள்ளிக் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்துக்குப் போனது. 1995இல் அதையும் காலி செய்தார்கள். விரட்டியதோடு நின்றிருந்தால் மூன்றாவது இடத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் 1994லிருந்தே மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையையும் தொடங்கியிருந்தார்கள். பணக்கார ஊர் என்றால் பணத்தைக் கடிகாரத்தில் மட்டும் போடுவதில்லை. அருங்காட்சியகத்துக்குள் போயிருந்தால் இந்தப் பூங்காவுக்கு வந்திருக்கவே மாட்டோம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஊட்லிபெர்க் இந்த ஊரின் சொந்த மலை. 870 மீட்டர்தான், ரயிலே ஏறிவிடுகிறது. உச்சியில் காபி விலையைப் பார்த்துவிட்டு ஃப்ளாஸ்க்கைத் திறந்தோம். கீழே ஏரி முழுசாக நீண்டு கிடந்தது.

அங்கிருந்து மலைமுகட்டிலேயே ஒரு நடைபாதை, சூரியக் குடும்பத்தைச் சுருக்கி வைத்த கோள்களின் பாதை. 1979இல் போட்டது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். மஞ்சள் சூரியன் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து நூற்றைம்பது மீட்டரில், ஒரு பாறையில் பதித்த கண்ணாடிக்குள் பூமி, சுண்டைக்காய்கூட இல்லை. பூமியைக் கடந்தபோது என் மனைவி, "இதுலதான் பாஸ்போர்ட், விசா எல்லாமா?" என்றாள். செவ்வாய்வரை சுலபம். வியாழனுக்கு அப்புறம் காடுதான், சனியைத் தேடி மூச்சு வாங்கியது. யுரேனஸில் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார், கத்தி முனையில் இரண்டு துண்டு நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

நெப்டியூன் தாண்டி ஃபெல்செனெக். அங்கே ஒரு கேபிள் கார், 1954லிருந்து ஓடுகிறது, அட்லிஸ்வில் என்ற சிற்றூருக்கு இறக்கிவிடும். அட்லிஸ்வில்லில் முருகன் இருக்கிறார் என்று மகனின் நண்பன் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமை வேறு.

வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்று சொல்ல மாட்டீர்கள். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டோம். உள்ளே போனால் சாம்பிராணி, நாதஸ்வர ஒலிப்பதிவு, அருள்மிகு சிவசுப்பிரமணியர். வேலைவிட்டு நேரே வந்த பெண்கள் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் சுவிஸ் ஜெர்மனில் கிசுகிசுத்துவிட்டு, தேவாரம் வந்ததும் கூடவே பாடின.

பூசை முடிந்து நின்றபோது ஒரு பெரியவர் வந்தார், என் வயதுதான் இருக்கும்.

"அண்ணை எவ்விடத்தில இருந்து வாறீங்கள்?"

திருச்சி என்றேன்.

"திருச்சியோ! எண்பத்து நாலில நாங்கள் அங்க கொஞ்ச நாள் நிண்டனாங்கள். கே.கே.நகர். பிறகுதான் இஞ்ச வந்தது. அக்கா, இருங்கோ, சாப்பிடாமப் போகேலாது."

சர்க்கரைப் புக்கையும் (நம் சர்க்கரைப் பொங்கல்தான்) கடலையும் தட்டில் வந்தன. அவர் கதை சொன்னார். முதலில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினாராம், பிறகு குசினி, அதாவது சமையலறை, ஓய்வுபெறும்வரை குசினிதான். "இந்த ஊரில நீங்கள் ரோஸ்டி சாப்பிட்டிருந்தால் அது எங்கட பெடியள் போட்டதாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். ரோஸ்டி இந்த ஊர் உருளைக்கிழங்கு அடை. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்கள், இன்று பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு இந்நாட்டில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் என்கிறார்கள். மரப்பாலத்தில் யாத்ரீகர்களைப் பார்த்ததைச் சொன்னேன்.

"ஐன்சீடல்ன் மாதாவிட்டப் போகேல்லையோ? நாங்கள் வருசா வருசம் போறனாங்கள். வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும்தான். கறுப்பு அம்மாள் எல்லோ."

பஸ் நிறுத்தம்வரை வந்து வழி சொன்னார். கையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள், வடை. நாங்கள் வந்ததிலிருந்து பிறர் உபசரித்து வயிறு நிறைந்தது இன்றைக்குத்தான். உண்டியலில் பத்து ஃப்ராங்க் போட்டபோது, முதல்முறையாக அவளும் பெருக்கவில்லை, நானும் பெருக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

ராத்திரிதான் விமானம். வெயில் திரும்பிவிட்டது. லெட்டனைப் பார்க்காமல் போகக்கூடாது என்று தோன்றியது, அந்தக் கைவிடப்பட்ட நிலையம் இருந்த இடத்தை.

இப்போது அங்கே லிமாட் ஆற்றில் இலவசக் குளியல் துறை. நீளமான மரத்தளம், டவலில் புரளும் கூட்டம், பழைய தண்டவாளத்தடத்தில் சின்னச் சின்னக் கடைகள். மேலே ஏறி நடந்துபோய்க் குதிக்கிறார்கள், ஆறே இழுத்துக்கொண்டு வருகிறது, கீழே ஏணியைப் பிடித்து ஏறி மறுபடி நடக்கிறார்கள். தண்ணீர் பச்சைக் கண்ணாடி, அடியில் கூழாங்கல் தெரிகிறது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாம் படிவரை இறங்கினேன். வேட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் அணிந்திருந்ததற்கு வேட்டி எவ்வளவோ மேல்.

மனைவி ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். ஒரு இழுப்பு, இடது செருப்பு போயிற்று. "ஐயோ, என் செருப்பு!" தமிழில்தான் கத்தினாள். அது தட்டாரப்பூச்சி உட்கார வசதியாக மிதந்துகொண்டு ஜோராகப் போனது. முதுகு முழுக்கப் பச்சை குத்திய ஒரு பையன் தலையைத் திருப்பிப் பார்த்தான், இரண்டு வீச்சில் எட்டிப் பிடித்தான், செருப்பைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். கீழே ஏணியில் ஏறி, சொட்டச் சொட்டக் கரையோடு நடந்துவந்து, குனிந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, மேலே போய் மறுபடி குதித்தான். பேசவே இல்லை. "தலைமேல வச்சுக்கிட்டானே, தெரியாத புள்ள" என்று அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. மிச்சமிருந்த வடையைக் கொடுக்கலாமென்று பார்த்தால், ஈரத்தலைகளில் அவன் எது என்று தெரியவில்லை.

அறையைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளைப் பையைக் கட்டி வைத்தோம். அது பாதிகூட நிறையவில்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமை. எதிர்வீட்டு அம்மாவிடம் மீந்த பருப்புப்பொடியைக் கொடுத்து, சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட வேண்டும் என்று நடித்துக் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துத் தும்மினார்.

விமான நிலையத்தில் கடைசி வாயில்களுக்குப் போக ஆளில்லாத சின்ன ரயில் ஒன்று சுரங்கத்தில் ஓடுகிறது. பாதி வழியில் பெட்டிக்குள் மாட்டின் கழுத்துமணி கேட்டது. பிறகு ஒரு மாடு, "ம்மா" என்று நீளமாக. ஜன்னலுக்கு வெளியே இருட்டுச் சுவரில் சுவிஸ் கதைப்புத்தகத்துச் சிறுமி ஹெய்டி படம் படமாகக் கண்ணடித்துக்கொண்டே வந்தாள். என் மனைவி சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எதிரே கோட் போட்ட இருவர் போனிலிருந்து தலையெடுக்கவில்லை.

"இதுக்கும் தனியாக் காசு வாங்குவாங்களோ?" என்றாள்.

டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும் என்றேன்.